"வீடு என் அப்பா பேரில் இருக்கு, நீ கிளம்பு" என்றால் கிளம்ப வேண்டுமா?

குடும்பச் சண்டை முற்றும்போது பல வீடுகளில் வரும் பேச்சு இது. கிளம்ப வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பத்திரம் யார் பேரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கப் பெண்ணுக்கு உரிமை தருகிறது. சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் அவளை வெளியேற்ற முடியாது.

இந்த உரிமைக்கும் ஒரு சோதனை வந்தது. கணவருக்குச் சொந்தமான, அவர் வாடகைக்கு எடுத்த, அல்லது கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தமான வீடாக இருந்தால்தான் செல்லும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாமியார் பேரில் வீட்டை எழுதி வைத்தால் போதும் என்று ஆனது. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடானாலும், அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் உரிமை உண்டு. ஆனால் வயதான மாமனார் மாமியாரின் நிம்மதியையும் நீதிமன்றம் பார்க்கும். சில வழக்குகளில் அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடு, வாடகையைக் கட்டு என்று கணவருக்கு உத்தரவு வரலாம்.

சட்டம் இந்த வடிவத்துக்கு வந்ததே போராட்டத்தால்தான். 2002-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா, 'வழக்கமாக' அடித்தால்தான் வன்முறை என்றது. எப்போதாவது அடித்தால் கணக்கில் வராதாம்! தன்னையோ சொத்தையோ காத்துக்கொள்ளத்தான் அப்படி நடந்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழி இருந்தது. மகளிர் அமைப்புகளும் லாயர்ஸ் கலெக்டிவ் என்ற வழக்கறிஞர் அமைப்பும் இதைக் கடுமையாக எதிர்த்தன. அப்புறம் வந்த 2005 சட்டத்தில் அந்த இரண்டுமே இல்லை. 2006 அக்டோபர் 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அடி உதை மட்டுமல்ல, பாலியல் கொடுமை, கேவலமாகப் பேசுவது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, அவளுடைய நகையைப் பிடுங்கி விற்பது எல்லாம் இதில் வன்முறைதான். மனைவிக்கு மட்டுமான சட்டமும் அல்ல. தாய், சகோதரி, விதவை மருமகள், திருமணம் செய்யாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழும் பெண் என எல்லோரும் மனு போடலாம்.

பலரும் தயங்குவது, "புருஷனை ஜெயிலுக்கு அனுப்பணுமா?" என்றுதான். வேண்டாம். கணவர் வீட்டாரின் கொடுமைக்காகக் காவல் நிலையத்தில் கொடுக்கும் குற்றப் புகார் தனி. அதற்கான பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498-ஏ பிரிவு, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 85-ஆம் பிரிவு. நாம் பேசும் சட்டம் முதலில் தருவது பாதுகாப்பு: அடிக்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வந்து தொல்லை தரக் கூடாது, செலவுக்குப் பணம் கொடு, நகையைத் திருப்பிக் கொடு, பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயிடம் விடு என்ற உத்தரவுகள். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் சிறை. அதற்கு ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விரும்பினால் குற்றப் புகார், இந்தச் சட்டம் என இரண்டு வழியிலும் போகலாம்.

மனுவை நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் போட வேண்டும். தாய் வீட்டுக்கு வந்து தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் அந்த ஊர் நீதிமன்றமே போதும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போனால் நடந்ததை அறிக்கையாக எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவார். தமிழ்நாட்டில் சமூக நலத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். காவல் நிலையத்தில் "அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்பினாலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது.

மனு போட்டால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும். அதனால் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். அவசரமானால் எதிர்த் தரப்பு வராமலே நடுவர் அதைத் தரலாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். அவசர உதவிக்கு 181. தங்க இடமில்லாவிட்டால் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம். நடுவரின் உத்தரவு சரியில்லை என்று தோன்றினால், 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.