கண்ணைத் தள்ளும் எலும்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் பெரியம்மா வீட்டுச் சுவரில் இரண்டு தைப்பூசப் படங்கள் தொங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே பத்து வருடம். இரண்டாவதில் அவருடைய வலது கண் சற்று வெளியே தள்ளி, மூக்கை விட்டு விலகி நிற்கிறது. வலி கிடையாது, பார்வையும் தெளிவு. அதனால் நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. கண் டாக்டர் முதலில் கேட்டதே பழைய போட்டோக்களைத்தான்.

கோளாறு கண்ணில் இல்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள சைனஸ் காற்றறையில் ஓர் எலும்புக் கட்டி, ஆஸ்டியோமா. புற்றுநோய் அல்ல. சைனஸில் வரும் சாதுவான கட்டிகளில் இதுவே அதிகம். அங்கே கண்குழியை ஒட்டிய சுவருக்கு லத்தீனில் ‘காகிதத் தகடு’ என்றே பெயர், அவ்வளவு மெல்லிசு. கண்குழியோ முன்பக்கம் மட்டும் திறந்த எலும்புக் கூம்பு. பக்கத்தில் ஒன்று பருத்தால் கண்தான் நகர வேண்டும். நகரும் திசையே துப்பு: நெற்றிச் சைனஸில் கட்டி என்றால் கண் கீழே இறங்கும், கண்ணுக்கு நேர் பின்னால் என்றால் நேராக முன்னுக்கு வரும்.

அப்புறம் சிடி ஸ்கேன். அதில் எலும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். பல கோணங்களில் எக்ஸ்ரே பாய்ச்சி, எங்கே எவ்வளவு அடர்த்தி என்று கணக்கிடும் வழியை யோசித்தவர் எங்கள் நாட்டு இயற்பியலாளர் ஆலன் கார்மாக். 1956இல் கேப்டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது தொடங்கிய யோசனை அது. 1979இல், சிடி கருவியை உருவாக்கிய ஆங்கிலேயப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டுடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மென்மையான கட்டி என்றால் எம்ஆர்ஐயும் வேண்டும். ஸ்கேனுக்கு முன் அவசரப்பட்டுச் சதை எடுத்துப் பார்க்கக் கூடாது. பதின்வயதுப் பையன்களுக்கு மூக்கின் பின்புறம் வரும் ஆஞ்சியோஃபைப்ரோமா முழுக்க ரத்தக்குழாய். கிள்ளினால் ரத்தம் கொட்டும். மூக்கின் உட்தோல் உள்நோக்கி வளரும் தலைகீழ் பாப்பிலோமா வேறு ரகம். வேரை விட்டால் திரும்ப வரும், சிலருக்குப் புற்றாகவும் மாறும்.

சின்ன ஆஸ்டியோமாவைத் தொடவே வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் எடுத்தால் போதும். கண்ணைத் தள்ளினாலோ சைனஸின் வடிகாலை அடைத்தாலோதான் அறுவை சிகிச்சை. பெரியம்மாவுக்கு மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) விட்டார்கள். கட்டியின் நடுவை டிரில்லால் குடைந்து, முட்டை ஓடு போல் ஆக்கி, அந்த ஓட்டை உடைத்துச் சுவரிலிருந்து மெதுவாகப் பிரித்தார்கள். நடுநடுவே ஒருவர் மூடிய இமைமேல் விரலை வைத்து லேசாக அழுத்துவார். உள்ளே திரையில் ஏதாவது அசைந்தால், அங்கே காகிதச் சுவர் திறந்துவிட்டது என்று அர்த்தம். டிரில் உடனே நிற்கும்.