கத்திரி வெயிலிலும் ஹீட்டர் ஓடும் ஆம்புலன்ஸ்

திருப்பத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கைக்கு ஏழரை மாதத்தில் குழந்தை பிறந்திருக்கிறது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக, பச்சிளங்குழந்தைகளுக்கான 108 ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. மே மாதம், நடுப்பகல். வண்டியில் ஏ.சி.யை அணைத்துவிட்டார்கள். குழந்தை இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள்ளோ ஹீட்டர் ஓடியதாம். "வெளியில் 40 டிகிரி கொளுத்துகிறது, இதில் எதற்கு ஹீட்டர்?" என்பது அவர் கேள்வி.

கேள்வி ரொம்ப நியாயமானது. இதற்குப் பதில் தெரிந்தால் அந்த வண்டியின் வேலை முக்கால்வாசி புரிந்துவிடும். வண்டிக்குள் வெண்டிலேட்டர், மானிட்டர், சொட்டுச் சொட்டாக மருந்து தள்ளும் சிரிஞ்ச் பம்ப், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவின் சின்ன வடிவம் அது. ஆனால் அத்தனை கருவிகளும் ஒழுங்காகப் பலன் தரவேண்டும் என்றால் முதலில் குழந்தையின் உடம்பு 36.5-க்கும் 37.5-க்கும் நடுவே நிற்கவேண்டும்.

ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். அதன் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு நம்மைப் போல் சுமார் நாலு மடங்கு. பெரிய பரப்பு என்றால் வெப்பம் வெளியேற அவ்வளவு வழி. அதைவிட மோசமான விஷயம், தோலிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுக்கும் மேலடுக்கு கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் சரியாக உருவாகிறது. குறைமாதக் குழந்தைக்கு அது போதுமான அளவு இல்லாததால் உடம்பின் நீர் தோல் வழியாகவே ஆவியாகிக்கொண்டிருக்கும். ஒரு கிராம் நீர் ஆவியாக சுமார் 0.58 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிலோ உடம்பிலிருந்து அவ்வளவு வெப்பம் போனால், ஈடுகட்ட வழியில்லாதபோது, உடல் வெப்பம் கிட்டத்தட்ட 0.7 டிகிரி இறங்கும். ஒரே ஒரு கிராம் நீருக்கு இந்தக் கணக்கு!

நமக்கு வியர்க்கிற 32 டிகிரி அறையில்கூட, துணியில்லாமல் கிடக்கும் ஒரு கிலோ குழந்தைக்குக் குளிரும். அதற்கு இதமான காற்று 35 டிகிரியை ஒட்டியது. சரி, அப்படியானால் 40 டிகிரி வெயில் நல்லதுதானே என்று தோன்றலாம். அது வறண்ட காற்று, ஆவியாதலைக் கூட்டும். நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று என்று நிலையாகவும் இருக்காது, உடம்பை அளவுக்கு மீறிச் சூடாக்கவும் செய்யும். அதிகச் சூடும் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. தேவை நிலையான வெப்பம், கூடவே ஈரப்பதம்.

நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கும். தசைகள் சுருங்கி விரிவதில் வெப்பம் பிறக்கும். பிறந்த குழந்தை அப்படி நடுங்குவதில்லை. அதற்குப் பதிலாக அதனிடம் இருப்பது பழுப்புக் கொழுப்பு. உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த பொருள்களில் ஒன்று இது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இது இருக்கும் இடம் பிடரி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, சிறுநீரகங்களைச் சுற்றி, பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டி. நிறைமாதக் குழந்தைக்கு உடல் எடையில் 5 சதவீதம் வரைகூட இருக்கும். பழுப்பு நிறத்துக்குக் காரணம் அதன் செல்களில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் அவற்றிலுள்ள இரும்புச்சத்தும். பள்ளியில் படித்திருப்போம்: மைட்டோகாண்ட்ரியா உணவை எரித்து, அந்த ஆற்றலால் புரோட்டான்களை ஒரு சவ்வின் மறுபக்கம் தள்ளி அங்கே சேர்த்துவைக்கும். சேர்ந்த புரோட்டான்கள் திரும்பி வருகிற வழியில் ஒரு மிகச்சிறிய புரதச் சக்கரம் இருக்கிறது. அது உண்மையாகவே சுழலும். அந்தச் சுழற்சியில், செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு தயாராகும். மேட்டூரில் தேங்கிய நீர் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருவதைப் போலத்தான்.

பழுப்புக் கொழுப்பில் மட்டும் அந்தச் சவ்வில் யுசிபி1 என்ற இன்னொரு புரதம் இருக்கிறது. டர்பைனைத் தொடாமலே தண்ணீரை வெளியே விடும் மதகு அது. புரோட்டான்கள் அதன் வழியே பாய்ந்து திரும்பும், ஏடிபி உருவாகாது, சேர்த்துவைத்த ஆற்றல் முழுதும் வெப்பமாகும். வேறெங்கும் வீண் என்று சொல்லக்கூடியதை இங்கே உடம்பு வேண்டுமென்றே செய்கிறது.

இதை முடுக்கிவிடும் விதம் இன்னும் அழகு. தோல் குளிர்ந்ததும் மூளைக்குச் செய்தி போகும். மூளையிலிருந்து வரும் நரம்புகள் கொழுப்புச் செல்களின் மேலேயே நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலம் வரும். எரிவதற்காக வந்த அந்தக் கொழுப்பு அமிலமே யுசிபி1-ஐத் திறந்தும் விடுகிறது! கருவில் இருக்கும்போது இந்த ஏற்பாடு ஓடுவதில்லை. ஆட்டுக் கருவை வைத்து நடந்த ஆய்வுகளில், நஞ்சுக்கொடியிலிருந்து வரும் பொருள்கள் இதை அடக்கிவைப்பதும், தொப்புள்கொடியை அடைத்ததும் அந்தத் தடை நீங்குவதும் தெரியவந்தன.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: ஆக்சிஜனும் சர்க்கரையும். குளிரும் குழந்தை இரண்டையும் வேகமாகச் செலவழிக்கும். குறைமாதக் குழந்தைக்கோ பழுப்புக் கொழுப்பே குறைவு, நுரையீரலும் முதிர்ந்திருக்காது. ஆக்சிஜன் போதாமல் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும். அதனால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகும், ஆக்சிஜன் இன்னும் குறையும். ஆக்சிஜன் இல்லாமல் பழுப்புக் கொழுப்பாலும் எரிய முடியாது, குழந்தை மேலும் குளிரும். சில்லிட்ட குழந்தைக்கு வெண்டிலேட்டரை எவ்வளவு கூட்டினாலும் ஆக்சிஜன் அளவு ஏறாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1958-இல் நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை சுமார் 29 டிகிரி இன்குபேட்டரிலும் மற்றதை சுமார் 32 டிகிரியிலும் வைத்தார்கள். அந்த மூன்று டிகிரிக்குள்ளான வித்தியாசத்தில் பிழைத்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் கூடினார்கள். புது மருந்து ஒன்றுமில்லை, கொஞ்சம் சூடு மட்டும்தான்.

வண்டியிலுள்ள இன்குபேட்டர் இதையெல்லாம் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. சுவர் இரட்டை அடுக்கு. காற்று சூடாக இருந்தாலும் பக்கத்துச் சுவர் குளிர்ந்திருந்தால் உடம்பு அதை நோக்கி வெப்பத்தைக் கதிராக வீசி இழந்துவிடும், அதைத் தடுக்கத்தான். குழந்தையின் வயிற்றில் சென்சார் ஒட்டியிருப்பார்கள், மேலே வெள்ளிநிற ஸ்டிக்கர் இருக்கும். தோல் வெப்பம் இறங்கினால் ஹீட்டர் தானாகக் கூடும். அந்தச் சென்சாரை முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒட்டக்கூடாது. அங்கே பழுப்புக் கொழுப்பு எரிந்து தோல் சூடாகவே இருக்கும். குழந்தை குளிரில் போராடிக்கொண்டிருக்க, கருவியோ எல்லாம் சரி என்று நினைத்து ஹீட்டரைக் குறைத்துவிடும். வண்டி கிளம்புமுன்பே பெட்டியைச் சூடேற்றிவைப்பதும், மூடியைத் திறக்காமல் கைவிடும் துளை வழியாகவே எல்லாம் செய்வதும், பைலட் ஏ.சி. இல்லாமல் வியர்த்து வழிய ஓட்டுவதும் இதற்காகத்தான்.

இந்தப் பழுப்புக் கொழுப்பை முதலில் எழுதிவைத்தவர் சுவிட்சர்லாந்தின் கான்ராட் கெஸ்னர், 1551-இல், மார்மட் என்ற மலை அணிலை அறுத்துப் பார்த்தபோது. அதன் வேலை தெளிவாக 400 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1960-களில் ஆக்ஸ்போர்டில் டாக்கின்ஸும் ஹல்லும் பிறந்த முயல்குட்டிகளைக் குளிரில் வைத்து ஆராய்ந்தபிறகுதான் அது குட்டிகளுக்கு அடுப்பு என்று உறுதியானது. மலை அணிலையும் முயலையும் ஆராய்வதால் யாருக்கு என்ன லாபம் என்று அன்று யாராவது காசை நிறுத்தியிருந்தால்? நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட இல்லை. உடனடிப் பலன் கேட்டு அடிப்படை அறிவியலைப் பட்டினி போடுவது எனக்குத் துளியும் ஏற்புடையதல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிறந்த கையோடு குளிப்பாட்டுவதும், ராகு காலம் முடியட்டும் என்று வண்டியைக் காக்கவைப்பதும் இன்னும் நடக்கின்றன. முதல் குளியலைக் குறைந்தது ஒரு நாளாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈரத்தோலில் என்ன நடக்கும் என்ற கணக்கை மேலே பார்த்தோம். கனமான போர்வையும் பாதி உதவிதான். அது இருக்கிற சூட்டைக் காக்குமே தவிர, ஏற்கெனவே சில்லிட்ட குழந்தைக்குப் புதிதாகச் சூடு தராது.

இன்குபேட்டர் வண்டி கிடைக்கத் தாமதமானால் என்ன செய்வது? குழந்தை ஓரளவு நன்றாக மூச்சுவிடுகிறது என்று மருத்துவர் சொன்னால், தொப்பி மாட்டி, தாயின் மார்போடு தோல்படச் சேர்த்துக் கட்டிக்கொள்வது மிக நல்ல வழி. தாயால் முடியாவிட்டால் தந்தையோ பாட்டியோ செய்யலாம். 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது. 2021-இல் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்ற ஒரு பன்னாட்டு ஆய்வு, பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு சுமார் கால்வாசி குறைவதைக் காட்டியது. வேறு மருத்துவமனைக்குக் கிளம்பச் சொன்னால் குழந்தையின் உடல் வெப்பம் இப்போது எவ்வளவு என்று கேளுங்கள். 36.5-க்குக் கீழே இருந்தால், கிளம்புமுன் சூடேற்ற என்ன செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.