ஹிப்னிக் ஜெர்க் – உறக்கத் துள்ளல்

கண் அசரும் நேரத்தில் படியில் கால் தவறியது போலவோ, உயரத்திலிருந்து விழுவது போலவோ ஓர் உணர்வு. உடனே உடம்பு தூக்கிவாரிப்போட, விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. சிலருக்கு அதோடு ஒரு வெளிச்சம் மின்னும், ஏதோ சத்தமும் கேட்கும். இதைத்தான் மருத்துவத்தில் ‘ஹிப்னிக் ஜெர்க்’ என்கிறார்கள். ‘ஸ்லீப் ஸ்டார்ட்’ என்றும் சொல்வதுண்டு.

‘ஹிப்னோஸ்’ என்றால் கிரேக்கத்தில் உறக்கம். கிரேக்கப் புராணத்தில் உறக்கத்தின் தெய்வத்துக்கும் அதே பெயர்தான். ஹிப்னாட்டிசம் என்ற சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததால், யாரோ வசியம் செய்தது போன்ற விஷயமோ என்று சிலர் குழம்புகிறார்கள். உறவு வேரோடு சரி. ‘ஜெர்க்’ ஆங்கிலச் சொல். முதலில் சாட்டையடியைக் குறித்து, பிறகு வெடுக்கென்ற அசைவுக்கு ஆகிவந்தது. உறங்கத் தொடங்கும்போது வரும் இந்த அசைவுகளைப் பற்றி உறக்க ஆய்வாளர் இயன் ஆஸ்வால்ட் 1959இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

ஏன் வருகிறது என்பதற்கு அறிவியலில் இன்னும் உறுதியான விடை இல்லை. விழிப்பிலிருந்து உறக்கத்துக்கு மூளை மாறும் அந்த இடைவெளியில், மூளைத்தண்டிலிருந்து தசைகளுக்குத் தவறுதலாக ஒரு தூண்டல் போய்விடுகிறது என்பது பரவலான கருத்து. தூக்கக் குறைவு, மன அழுத்தம், அளவுக்கு மீறிய காஃபீன், படுக்கப்போகும் நேரத்தில் கடும் உடற்பயிற்சி இவையெல்லாம் அதை அதிகப்படுத்தும். பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் எப்போதாவது வந்திருக்கும். நோய் இல்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பேச்சில் ‘தூக்கிவாரிப்போட்டது’ என்பது கச்சிதமாக இருக்கிறது. ஆனால் பயத்துக்கும் வியப்புக்கும்கூட அதையே சொல்கிறோம். கலைச்சொல்லாகவும் அது உட்காராது. ‘உறக்க இழுப்பு’, ‘உறக்க வலிப்பு’ இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். இழுப்பு என்றதும் மூச்சிரைப்பு நினைவுக்கு வரும். வலிப்பு என்பது வேறு நோய். ஏற்கெனவே பயந்துபோய்த் தூங்காமல் கிடக்கும் ஒருவருக்கு அந்தப் பெயரைக் கொடுப்பது கொடுமை. ‘திடுக்கிடல்’ நல்ல சொல்தான், ஆனால் அதில் மனம் முந்துகிறது. இங்கே உடம்பு முதலில் அசைகிறது, பயம் பின்னால் வருகிறது.

அதனால் ‘உறக்கத் துள்ளல்’ என்பதே என் தேர்வு. துள்ளலில் கொஞ்சம் மகிழ்ச்சியின் சாயல் இருப்பது உண்மை. இருந்தாலும் நோயையும் பயத்தையும் அது ஏற்றிவிடுவதில்லை. ‘தூக்கம்’ என்று வைக்காமல் ‘உறக்கம்’ என்று வைப்பதற்கும் காரணம் உண்டு: ‘தூங்கு’ என்பதன் பழைய பொருள் தொங்குதல். தூங்கணாங்குருவி என்ற பெயரில் அது இன்னும் இருக்கிறது. உறங்குதலில் அந்த இருபொருள் இல்லை.

‘படுத்ததும் இரண்டு முறை உறக்கத் துள்ளல் வந்தது’ என்று சொல்லிப் பாருங்கள், இயல்பாகவே இருக்கிறது. கால்களை அசைத்தே ஆகவேண்டும் போன்ற குறுகுறுப்புக்கு இந்தப் பெயர் பொருந்தாது. அது ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ எனும் தனிக் கோளாறாக இருக்கலாம். துள்ளல் இரவு முழுக்கத் தொடர்ந்தாலோ, விழித்திருக்கும்போதும் வந்தாலோ, நாக்கைக் கடித்துக்கொண்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். உறங்கும் முன்பா, நடுத்தூக்கத்திலா, எப்போது வருகிறது என்பதையும் அவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.