மேல் அலமாரி: தட்டுக்கு முன் சுவர்ப்பிடியைக் கவனியுங்கள்

சமையலறைச் சுவரில் தொங்கும் மேல் அலமாரியைப் பலப்படுத்தித் தருமாறு அழைப்பவர்கள் பெரும்பாலும் நடுவில் தொய்ந்துபோன தட்டைத்தான் காட்டுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது அலமாரியின் உச்சிக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி விழுந்திருக்கிறதா என்பதை. தட்டு தொய்வது கண்ணுக்குத் தெரியும்படி மெல்ல நடக்கும். சுவர்ப்பிடி விட்டுப்போனாலோ, பித்தளைப் பாத்திரங்களும் அரிசி டப்பாவும் நிரம்பிய அலமாரி முழுவதும் கீழே நிற்பவர் தலைமேல் இறங்கிவிடும்.

ஆயத்தமாக வாங்கும் பல அலமாரிகளில் பின்பலகை மெல்லியது; அதன் வழியாகவே ஸ்க்ரூ முடுக்கப்பட்டிருந்தால் அத்தனை சுமையும் அந்த மெல்லிய பலகையில்தான் தொங்குகிறது. இதற்குத் தீர்வு, பாரத்தை இறக்கிவிட்டு, உள்ளே மேல்பலகையை ஒட்டினாற்போல் 18 மி.மீ. பிளைவுட்டிலோ தேக்கிலோ மூன்று, நான்கு அங்குல அகலச் சட்டம் ஒன்றை முழு நீளத்துக்கும் வைத்து, பக்கப் பலகைகளோடும் மேல்பலகையோடும் பசையிட்டு முடுக்கி, அந்தச் சட்டத்தின் வழியாகச் சுவரைப் பிடிப்பதுதான். சிமெண்ட் பூச்சு எடையைத் தாங்காது. ஸ்க்ரூ அதைக் கடந்து செங்கல்லுக்குள் குறைந்தது 50 மி.மீ. இறங்க வேண்டும் என்பதால், நீளம் 90 முதல் 100 மி.மீ. வரை தேவைப்படும். குழாய்க்கும் சுவிட்சுக்கும் நேர்மேலே துளையிடாதீர்கள். உள்ளே பைப்போ ஒயரோ ஓடக்கூடும்.

மரத்தேர்வில் நான் விட்டுக்கொடுக்காதது ஒன்று: பார்ட்டிகிள் போர்டில் (மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திய பலகை) ஒருமுறை தளர்ந்த துளையை மீண்டும் நம்பக் கூடாது. நீராவி பட்டு ஊறி உப்பிய பலகையில் எந்த ஸ்க்ரூவும் நிற்காது. அதை மாற்றத்தான் வேண்டும். நம் சமையலறையின் ஈரத்துக்கும் ஆவிக்கும் ஐ.எஸ். 710 (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரையுள்ள பிளைவுட் ஏற்றது.

தொய்ந்த தட்டுக்கு வருவோம். 18 மி.மீ. தட்டை 25 மி.மீ. ஆக்கினால், பலகை அதே ரகமாயிருக்கும்வரை, விறைப்பு ஏறத்தாழ 2.7 மடங்காகும். ஆனால் மூன்றடித் தட்டின் நடுவில் ஒரு நிற்கும் பலகையைக் கொடுத்துவிட்டால், சீராகப் பரவிய அதே சுமைக்குத் தொய்வு 16-ல் ஒரு பங்குக்கு மேல் போகாது, செலவும் குறைவு. அந்தப் பலகை அடிப்பலகையில் ஊன்றுவதால், அடிப்பலகைக்குக் கீழே சுவரோடு பிடித்த ஒரு தாங்கு சட்டமும் அவசியம். நடுவில் தடுப்பு வேண்டாம் என்பவர்களுக்குத் தட்டின் முன்விளிம்பில் 40 மி.மீ. உயரத் தேக்குப் பட்டையைச் செங்குத்தாக ஒட்டி முடுக்கித் தருகிறேன். பிளைவுட்டை அறுக்கும்போது மேல்பரப்பின் மரரேகை தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். பிளைவுட் மிச்சமாகிறதென்று குறுக்கே அறுத்தால் தட்டு எளிதில் வளையும்.

சுவர் ஏ.ஏ.சி. பிளாக்காகவோ (நுண்துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக்காகவோ இருந்தால், துளைக்குள் செருகி ஸ்க்ரூவை இறுக்கும் சாதாரண பிளக் போதாது. அந்தக் கல்லுக்கென்று உள்ள ஆங்கர்களையே (சுவர்ப் பிடிப்பான்கள்) கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கும்வரை பித்தளையையும் தானியத்தையும் கீழ் அலமாரிக்கு மாற்றிவிடுங்கள்.