உறைக்குள் போகும் கத்திதான் விரலை வெட்டுகிறது

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி வந்தார் (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). இடது கை சுட்டுவிரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத தழும்பு. வெட்டுப்பட்டு ஆறு வாரம். அன்றைக்கே பக்கத்துக் கிளினிக்கில் இரண்டு தையல் போட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார்கள். கையை மூடச் சொன்னேன். மற்ற விரல்கள் மடங்கின, சுட்டுவிரல் அடி மூட்டில் மட்டும் கொஞ்சம் அசைந்துவிட்டு நீட்டியபடியே நின்றது.

"எப்படிப்பா வெட்டுச்சு?"

"காலி கிளாஸ்ல டாக்டர். கத்திய உறையில போடும்போது."

காலி என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் கம்பு, கத்திச் சண்டைக் கலை, எஸ்க்ரிமா என்றும் சொல்வார்கள். எதிரில் ஆளே இல்லை. தனியாகத்தான் பயிற்சி செய்துகொண்டிருந்திருக்கிறார்.

நான் கை அறுவைப் பிரிவில் வேலை செய்கிறேன். மருத்துவம் படித்தது பிலிப்பைன்ஸில், தாவாவோவில். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கப் போகிற ஊர்தான். அங்கே கல்லூரிக்கு வெளியே ஒரு பெரியவரின் வீட்டு முற்றத்தில் நான்கு ஆண்டுகள் எஸ்க்ரிமா கற்றுக்கொண்டேன், இன்றைக்கும் வாரம் இரண்டு நாள் கம்பு எடுக்கிறேன். அதனால் இந்தக் கலையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. இப்போது நம் ஊர்களிலும் வகுப்புகள் வந்துவிட்டன, வீடியோவைப் பார்த்துவிட்டு ஆறு மாதத்திலேயே கூர் தீட்டிய கத்தியைக் கையில் எடுக்கிறார்கள். கம்பிலிருந்து கத்திக்கு மாறும்போது எது மாறுகிறது என்று அவர்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காலி என்று மூன்று பெயரில் சொன்னாலும் அடிப்படை ஒன்றுதான். 2009-இல் பிலிப்பைன்ஸ் அரசு குடியரசுச் சட்டம் 9850 மூலம் ஆர்னிஸை நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. விளையாட்டில் கம்பு, தலைக்கவசம், மார்புக்கவசம் எல்லாம் உண்டு. ஆனால் கலையின் வேர் கத்தியில் இருக்கிறது. 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மக்டான் தீவுக் கரையில், அந்தத் தீவின் தலைவர் லாபுலாபுவின் ஆட்களிடம் கடலோடி மகெல்லன் இறந்ததை, கூடவே இருந்த பிகாஃபெட்டா எழுதி வைத்திருக்கிறார். மூங்கில் ஈட்டியால் மகெல்லனின் கையில் காயம் பட்டது, வாளை உருவப் பார்த்தார், பாதிக்கு மேல் உருவ முடியவில்லை, அப்புறம் இடது காலில் பெரிய கத்தியால் ஒரு வெட்டு விழுந்து முகம் குப்புற விழுந்தார். எனக்கு அந்த வரிகளில் முதலில் கண்ணில் படுவது அந்தக் கைதான். கையில் காயம் பட்டதும் ஆயுதம் உறையிலேயே நின்றுவிட்டது.

எஸ்க்ரிமாவும் இதைத்தான் சொல்கிறது. தலையையோ நெஞ்சையோ தேடிப் போகாதே, ஆயுதம் பிடித்த கையை அடி, பாம்பின் பல்லைப் பிடுங்கிவிட்டால் பாம்பு கடிக்காது என்பார்கள். பழைய காலத்தில் பயிற்சியிலும் கையைத்தான் அடித்தார்கள், மாணவர்கள் விரல் வீங்கிப் போய் வகுப்பை விட்டு நின்றார்கள். நெக்ரோஸ் தீவுக்காரரான ரெமி பிரேசாஸ் தன்னுடைய நவீன ஆர்னிஸில் கைக்குப் பதிலாகக் கம்பின் மேல் அடிக்கும்படி பயிற்சியை மாற்றியதற்கு இதுதான் காரணம். அந்த மாற்றத்தால்தான் பல பேர் இந்தக் கலைக்குள் வர முடிந்தது என்பது என் எண்ணம். ஆனால் அதோடு ஒரு விஷயம் மறந்துபோனது: நாம் கையில் பிடித்திருக்கும் சுமார் 28 அங்குலப் பிரம்பு, ஒரு கத்திக்குப் பதிலாக வந்தது.

பிரம்புக்கு முனை, முதுகு, விளிம்பு என்று எதுவும் கிடையாது, எங்கே தொட்டாலும் ஒன்றுதான். இடது கையால் எதிராளியின் கம்பைத் தட்டலாம், பிடிக்கலாம், பறிக்கலாம். இந்த இடது கைக்குத் தகாலோகில் 'பண்டாய் கமாய்' என்று பெயர், காவல் கை. வெனான்சியோ பகோன் 1952-இல் செபுவில் தொடங்கிய பலிந்தவாக் முறையில் இந்தக் கைதான் பாதி வேலையைச் செய்கிறது. நெருங்கி நின்று, ஒற்றைக் கம்போடு, இடது கை சும்மாவே இருக்காது. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அந்தப் பழக்கத்தோடு கையில் கத்தி வரும்போது, மூளை யோசிப்பதற்கு முன்னால் இடது கை தானாகவே நெஞ்சுக்குக் குறுக்கே வந்துவிடுகிறது, நம் வலது கையில் இருக்கும் கத்தி போகிற அதே பாதையில். கத்திப் பயிற்சியில் வெட்டுப்பட்டு என்னிடம் வந்தவர்களை எண்ணிப் பார்த்தால், எதிராளி வெட்டியவர்களைவிடத் தன்னைத்தானே வெட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். அதிலும் பெரும்பாலும் இடது கை.

உறை இன்னொரு ஆபத்து. பிலிப்பைன்ஸின் பாரம்பரிய உறைகள் பலவும் இரண்டு மரத் துண்டுகளைச் சேர்த்துப் பிரம்பு நாரால் கட்டியவை. நாள் ஆக ஆகக் கட்டு தளரும். கத்தியின் விளிம்பு உள்ளேயிருந்து அந்த இணைப்பை அறுத்துக்கொண்டே இருக்கும். உறையை முழுக்கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு கத்தியை வேகமாக உள்ளே தள்ளினால் அது மரத்தைப் பிளந்துகொண்டு விரலுக்கு வந்துவிடும். அந்தத் தம்பிக்கு நடந்தது அதுவேதான். உறையின் முதுகுப் பக்கத்தை மட்டும் பிடிக்க வேண்டும், விளிம்பு இருக்கும் பக்கம் விரல் சுற்றிப் போகவே கூடாது. இது இரண்டு நிமிடத்தில் சொல்லித் தரக்கூடிய விஷயம்.

என் பெரியவரை 'நோங்' என்று கூப்பிடுவேன், விசயா மொழியில் வயதில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் என்னை 'டோங்' என்பார். தேங்காய் வெட்டிப் பிழைத்தவர், சுண்டாங் என்கிற வெட்டுக்கத்தி அவர் கையிலேயே வளர்ந்தது மாதிரி இருக்கும். மூன்றாவது ஆண்டில்தான் அதை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு வீசச் சொல்லவில்லை. உருவு, உறையில் போடு, உருவு, உறையில் போடு, கண் கத்தியிலேயே இருக்கட்டும் என்று மூன்று வாரம் அதையேதான் செய்யவைத்தார். கொஞ்சம் வேகம் எடுத்தாலே "ஹினாய்-ஹினாய், டோங்" என்பார். மெதுவாக, மெதுவாக. அங்கே அது ஒரு பழமொழியின் பாதி, மீதி 'பஸ்தா கனுனாய்', அதாவது மெதுவாகச் செய் ஆனால் விடாமல் செய். அப்புறம் தனியாக, காற்றில், இடது கையை மார்பில் ஒட்டி வைத்துக்கொண்டு வீச்சு. இரண்டு பேர் சேர்ந்து செய்யும் பயிற்சிக்கு அவர் கூரான கத்தியைக் கடைசிவரை கொடுக்கவே இல்லை. அதற்கு மரக் கத்தி, இல்லாவிட்டால் விளிம்பு மழுக்கிய அலுமினியக் கத்தி. மழுக்கிய கத்தியும் முனையால் கண்ணைக் குத்தும் என்பதால் கண்ணாடி போடாமல் நிற்கவிட மாட்டார்.

நிஜக் கத்தியை எதற்குத்தான் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். எடை எங்கே இருக்கிறது, விளிம்பு எந்தக் கோணத்தில் போகிறது, மணிக்கட்டு எவ்வளவு திரும்பினால் வெட்டு கோணலாகிறது, இதெல்லாம் பிரம்பில் தெரியாது. அப்புறம் பயம். அந்தப் பயம் வேண்டும், கம்பில் நாம் செய்கிற பாதி வித்தை கத்தியில் நடக்காது என்று அது புரியவைக்கும். வெறும் கையால் கத்தியைப் பறிக்கிற வீடியோக்களைப் பார்த்து அண்ணன் தம்பி இருவரும் சமையலறைக் கத்தியை வைத்துச் செய்து பார்த்து, உள்ளங்கையில் நான்கு விரலின் தசைநாண்களையும் (தசையை எலும்போடு இணைத்து விரலை மடக்கும் நாண்கள்) அறுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். கத்தியின் விளிம்பைப் பிடித்துப் பறிப்பது என்று ஒரு வழியே கிடையாது. இதில் என்னிடம் யாரும் வாதாட வேண்டாம்.

சரி, வெட்டுப்பட்டுவிட்டது. கை அறுவை செய்கிறவனாக நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: தோலில் இருக்கும் காயத்தின் அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு விரலுக்கும் மடக்குவதற்கு இரண்டு தசைநாண்கள் (கட்டைவிரலுக்கு ஒன்று), இரண்டு பக்கமும் ஒவ்வொரு நரம்பு, ஒவ்வொரு ரத்தக்குழாய். எல்லாம் தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டரில். எதையாவது பிடித்திருக்கும்போது விரல் மடங்கியிருக்கும், அந்த நிலையில் வெட்டுப்பட்டு அப்புறம் விரலை நீட்டினால், அறுந்த முனை காயத்தைவிட்டு நகர்ந்து போய்விடும். காயத்துக்குள் எட்டிப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். அதனால் பார்ப்பதோடு நிற்காமல் சோதிக்க வேண்டும். ரத்தம் நின்றதும் நடு மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு விரல் நுனியை மட்டும் மடக்கிப் பாருங்கள். அப்புறம் மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு இந்த ஒரு விரலை மட்டும் நடு மூட்டில் மடக்கிப் பாருங்கள். விரல் நுனியின் இரண்டு பக்கமும் பேனா மூடியால் மெதுவாகத் தொட்டு, மற்ற கையோடு ஒப்பிடுங்கள். மடங்கவில்லை, மரத்திருக்கிறது, மடக்கும்போது வலுவில்லாமல் வலிக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கை அறுவை செய்யும் மருத்துவரைப் பாருங்கள். பாதி அறுந்த தசைநாண் இன்றைக்கு அசையும், வாரம் கழித்துப் பட்டென்று அறும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது எளிது. மோதிரத்தைக் கழற்றுங்கள், வீங்கினால் கழராது. சுத்தமான துணியால் காயத்தின் மேலேயே அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள், நடுவில் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். ரத்தம் நின்றபின் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். தாவாவோவில் கொய்யா இலையை வேகவைத்த தண்ணீரோடு வருவார்கள், நம் ஊரில் காப்பித்தூள், மஞ்சள். தூள் எதையும் அப்பாதீர்கள், அதை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவதற்கே எனக்கு நேரம் போய்விடுகிறது. விரல் துண்டானால் ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படவே கூடாது.

முதல் சில நாட்களில் வந்தால் அறுந்த இரண்டு முனைகளையும் நேராக இழுத்துத் தைத்துவிட முடியும். விரலின் அடியிலிருந்து நடு எலும்பு வரைக்குமான பகுதியில் இரண்டு தசைநாண்களும் ஒரே இறுக்கமான உறைக்குள் ஓடுகின்றன, தைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து பழைய காலத்து அறுவை மருத்துவர்கள் அதற்கு 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அங்கேயும் தைக்கிறோம், ஆனால் தையலுக்குப் பின் ஆறு வாரம் ஸ்பிளிண்ட் (கையை அசையாமல் தாங்கும் கட்டு), சில நாட்களிலேயே தெரபிஸ்ட் சொல்கிற அளவுக்கு மட்டும் அசைவு, முழு வலு வர மூன்று மாதம். நரம்பு தைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும்.

அந்தத் தம்பி ஆறு வாரம் கழித்து வந்ததால் நேராகத் தைக்க முடியவில்லை. அறுந்த தசைநாணின் முனை சுருங்கி உள்ளங்கைக்குள் போய்விட்டது, விரலுக்குள் அது ஓடும் உறை ஒட்டிவிட்டது. முதல் அறுவையில் ஒரு சிலிக்கோன் கம்பியை உள்ளே வைத்து, அதைச் சுற்றி வழி உண்டாகும்வரை மூன்று மாதம் காத்திருந்து, இரண்டாவது அறுவையில் முன்கையிலிருந்து எடுத்த தசைநாணை வைத்தோம். போன வியாழக்கிழமை வந்திருந்தார். சுட்டுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் இருக்கிறது. அளந்து எழுதிக்கொண்டேன். பையிலிருந்து கத்தியின் உறையை எடுத்துக் காட்டினார், புதிதாகப் பிரம்பு நார் சுற்றிக் கட்டி, விளிம்புப் பக்கம் முழுக்கச் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார். வகுப்பில் எல்லோருடைய உறையிலும் ஒட்டிவிட்டாராம்.