‘போடுனேன்’ என்று சொல்லும் பிள்ளை மந்தமில்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில், பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளுக்குக் குறைநீக்கல் வகுப்பு எடுக்கிறேன். மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன், “பையை அங்க போடுனேன் டீச்சர்” என்றான். கூட்டி வந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. “இன்னும் பேச்சு திருந்தல டீச்சர். மந்தம்னு சொல்றாங்க.”

அவன் சொன்னதைக் கவனியுங்கள். ஓடு, ஓடுனேன். பாடு, பாடுனேன். அப்படியென்றால் போடு? விதியை அவனாகவே பிடித்திருக்கிறான். ‘போட்டேன்’ வேறு வழியில் போகிற வினை, அவ்வளவுதான்.

இதைக் கண்ணுக்குக் காட்ட எனக்கு எஸ்பெராந்தோ கைகொடுக்கிறது. வார்சாவில் ஸாமன்ஹோஃப் என்ற கண் மருத்துவர் உருவாக்கி 1887-இல் வெளியிட்ட மொழி. அதன் வினைகளில் விதிவிலக்கே கிடையாது. நிகழ்காலத்துக்கு ஆஸ், இறந்தகாலத்துக்கு இஸ், எதிர்காலத்துக்கு ஓஸ். ‘கூரி’ என்றால் ஓடுவது: கூராஸ், கூரிஸ், கூரோஸ். ‘மேத்தி’ என்றால் போடுவது: மேத்தாஸ், மேத்திஸ், மேத்தோஸ். நான் ஓடினாலும் அவள் ஓடினாலும் கூரிஸ்தான். (அதில் ‘நி’ என்றால் நாங்கள். பிள்ளைகளுக்கு இதில் ஒரே சிரிப்பு.)

பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தேன். நேற்று பையை? “மேத்திஸ்.” நாளைக்கு? “மேத்தோஸ்.” அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். காலம் அவனுக்குத் தெரிகிறது. எந்தத் தமிழ் வினை எப்படி மாறும் என்பதுதான் இன்னும் பழகவில்லை. அது காதில் விழுந்து விழுந்து வருவது. இங்கே திடலில் விளையாட்டெல்லாம் மலாயில். மலாய் வினையோ காலத்துக்கு மாறாது. ‘மக்கான்’ என்றால் சாப்பிடுவது; அதன் முன்னால் ‘சுடா’ போட்டால் சாப்பிட்டாயிற்று, ‘அக்கான்’ போட்டால் இனிமேல்தான்.

இது நோயறியும் சோதனை இல்லை. நேற்று, நாளை என்பதே குழம்பும் பிள்ளையை, சொன்னது காதில் விழாததுபோல் இருக்கும் பிள்ளையைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி அதட்ட வேண்டாம். “அப்படியா, பையை எங்க போட்ட?” என்று சரியான சொல்லை வைத்தே பேச்சைத் தொடருங்கள்.

மறுநாள் அவனே வந்து கேட்டான்: “கூரிஸ்னு மட்டும் சொன்னா யார் ஓடுனதுன்னு தெரியலையே டீச்சர்? ஓடுனேன்னா நான்னு தெரியுதே.”

அம்மா வரும்வரை அவனை உட்கார வைத்து, அவரிடமும் அதைச் சொல்லச் சொன்னேன்.