அப்டேட்டுக்குப் பின் ரேம் எங்கே போகிறது?

விண்டோஸ் அப்டேட் ஆனதும் கணினி திணறினால், ரேம் போதவில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பணம் செலவழிக்கும் முன், நினைவகத்தைப் பிடித்து வைத்திருப்பது செயலிகளா, கெர்னலா (விண்டோஸின் மையப்பகுதி), வன்பொருளா என்று கண்டுபிடியுங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதல் சில மணி நேரத்து மந்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம். தேடல் அட்டவணை புதுப்பிப்பு, டிஃபென்டர் (விண்டோஸின் வைரஸ் தடுப்பு) சோதனை போன்றவை பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அவை ஓய்ந்ததும் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘ஷட் டவுன்’ போதாது: ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினியில் கெர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே மீள்கிறது, அதிலிருந்த கோளாறும் கூடவே வந்துவிடும்.

இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைப் பாருங்கள். ‘கேச்டு’ (மறுபடி தேவைப்படலாம் என்று ரேமில் வைத்திருக்கும் தரவு) எண் பெரிதாக இருந்தால் கவலை வேண்டாம். செயலி கேட்டதும் அதில் பெரும்பகுதியை விண்டோஸ் விட்டுக்கொடுத்துவிடும். ‘ரேம் க்ளீனர்’ மென்பொருள்கள் அதைக் காலிசெய்தால், அதே தரவை மறுபடி வட்டிலிருந்து படிக்க வேண்டியதாகும், வேகம்தான் குறையும்.

கவனிக்க வேண்டியது ‘நான்-பேஜ்டு பூல்’. டிரைவர்களும் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள்) கெர்னலும் எடுத்துக்கொள்ளும் இந்த இடத்தை வட்டுக்கு மாற்றவே முடியாது. வழக்கமாகச் சில நூறு எம்பிக்குள் இருக்கும். அது பல ஜிபியாகி, நேரம் போகப்போக ஏறிக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு டிரைவர் கேட்டு வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் இருக்கிறது என்று பொருள். செயலிகள் எல்லாம் சேர்ந்து 3 ஜிபிதான், ஆனால் 8 ஜிபியும் நிரம்பிவிட்டது என்ற புதிருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் டிரைவர் கிட் என்ற மென்பொருள் தொகுப்பில் வரும் பூல்மான் கருவியை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கி, ‘பி’ என்ற எழுத்து விசையால் (‘பைட்ஸ்’ என்பதன் முதலெழுத்து) அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். உச்சியில் நிற்கும் நான்கெழுத்துக் குறிச்சொல்லை (நினைவகத்தை எடுத்தது யார் என்று காட்டும் அடையாளம்) டிரைவர் கோப்புகளுக்குள் தேடினால் குற்றவாளி சிக்கலாம். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் ‘ரோல் பேக் டிரைவர்’ பழைய பதிப்பைத் திரும்பக் கொண்டுவரும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், தயாரிப்பாளர் தளத்திலிருந்து பதிப்பைத் தேர்ந்து நிறுவலாம்.

அதே ‘மெமரி’ பக்கத்தில் ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ (வன்பொருளுக்கென ஒதுக்கப்பட்டு, விண்டோஸால் பயன்படுத்த முடியாத ரேம்) பல ஜிபி காட்டினால், சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் (msconfig) ‘பூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் ‘மேக்ஸிமம் மெமரி’ குறியை எடுத்துவிடுங்கள். அப்படியும் குறையாவிட்டால் ரேம் தகட்டைக் கழற்றி, சரியாக அமர்த்துங்கள்.

‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்ற வாசகத்தோடு நீலத்திரை வந்தால் கதை வேறு. அப்டேட் ரேமைக் கெடுப்பதில்லை. ஆனால் நினைவகம் பயன்படும் விதம் மாறியதால், இதுவரை தொடப்படாத பழுதான செல் இப்போது பயன்பாட்டுக்கு வந்திருக்கலாம். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி எனும் ரேம் கூடுதல் வேக அமைப்பை அணைத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் விடாதீர்கள். தகடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். பிட்லாக்கர் (வட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதி) இயங்கும் கணினியென்றால், பயாஸைத் தொடும் முன் மீட்புச் சாவியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பதிப்பு மாற்றமாக இருந்தால், செட்டிங்ஸின் ‘ரெகவரி’ பக்கத்திலுள்ள ‘கோ பேக்’ (பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி) வழக்கமாக 10 நாட்கள் மட்டுமே கிடைக்கும். அதற்குள் முந்தைய விண்டோஸ் கோப்புகளை அழித்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.